கூஸ்கூஸும் குழம்பின் ஆவியும்

மொரோக்கோவில் மலிவான உணவகம் தேடுவதற்குப் பெரிய சிரமம் இல்லை. பெயர்ப்பலகையைவிடக் கரிப்புகையே நல்ல வழிகாட்டி. கடை வாசலில் சிறு அடுப்புகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றின் மீதும் கூம்பு மூடி போட்ட மண்சட்டி ஒன்று. அந்தச் சட்டிக்கும் அதில் வேகும் உணவுக்கும் ஒரே பெயர்தான்: தஜின். கடந்த பருவ விடுமுறையில் நாங்கள் ஐவர் ஃபெஸ் நகரில் நான்கு நாள்கள் தங்கினோம். மாணவர்களின் பணப்பைக்கு இத்தகைய கடைகளே ஏற்றவை. வயிறு ஒரு நாளும் குறைபட்டதில்லை. மனம்தான் ஒரு நாள் குறைபட்டது.

தஜின் மலிவாகக் கிடைப்பதற்கு அந்த மூடியும் ஒரு காரணம் எனலாம். இறைச்சி, காய்கறி, கொஞ்சம் தண்ணீர் ஆகியவற்றைப் போட்டு மூடினால், எழும் ஆவி மூடியில் பட்டுக் குளிர்ந்து மீண்டும் சட்டிக்குள்ளேயே சொட்டும். குறைந்த தீயில் நெடுநேரம் இப்படி வேகும்போது விலை குறைந்த, கடினமான இறைச்சியும் பஞ்சுபோல ஆகிவிடுகிறது. இஞ்சி, மஞ்சள், சீரகம் என எல்லாம் நமக்குத் தெரிந்த மணங்கள்தாம். காரம் மட்டும் இல்லை. சம்பலுக்குப் பழகிய நாக்கு முதல் வாயில் ஏமாந்துதான் போகும். கூடவே வட்ட ரொட்டி வரும். அதைப் பிய்த்து, வலக்கை விரல்களால் குழம்போடு அள்ளி உண்ண வேண்டும். பொதுத் தட்டில் அவரவர் பக்கத்தில் இருப்பதை மட்டும் எடுப்பதே அங்கே மரியாதை.

வெள்ளிக்கிழமை மதியம் கூஸ்கூஸ் நாள். அல்ஜீரியா, மொரித்தானியா, மொரோக்கோ, துனீசியா ஆகிய நான்கு நாடுகளும் இணைந்து முன்மொழிந்ததால், 2020-இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இடம்பெற்ற உணவு அது. எங்கள் குழுவில் ஒரு தோழி பத்து வயதிலிருந்து சைவம். "ப்லா ல்ஹம்" என்றால் அவர்கள் பேச்சு வழக்கில் "இறைச்சி இல்லாமல்" என்று பொருள். அதை மனப்பாடம் செய்து வைத்திருந்த நான்தான் அவளுக்காக உணவு கேட்டேன். கடைக்காரரும் புன்னகையுடன் தலையசைத்தார். பூசணி, கேரட், முட்டைகோஸ், கொண்டைக்கடலை எனக் குவியலாகத் தட்டு வந்தது. பாதி உண்டபின், காய்கறிக்கு அடியில் ஓர் எலும்புத் துண்டு தெரிந்தது. அவள் கரண்டியைக் கீழே வைத்தாள், ஒன்றும் சொல்லவில்லை. நானாவது ஏதாவது சொல்லியிருக்கலாம்.

கடைக்காரர் ஏமாற்றவில்லை. நான் கேட்டபடி மேலிருந்த இறைச்சியை எடுத்துவிட்டுத்தான் கொடுத்தார். கூஸ்கூஸ் சமைக்கப்படும் முறை எனக்குத் தெரிந்திருந்தால் அப்படிக் கேட்டிருக்கவே மாட்டேன். கோதுமை ரவையை நீர் தெளித்து உருட்டி எடுத்த சிறு மணிகளே கூஸ்கூஸ். இரண்டடுக்குப் பாத்திரத்தில் கீழே இறைச்சியும் காய்கறியும் குழம்பாகக் கொதிக்கும். மேலே துளையிட்ட அடுக்கில் மணிகள் அந்த ஆவியில் வேகும். நம் புட்டுப் பானையில் தண்ணீருக்குப் பதில் ஆட்டிறைச்சிக் குழம்பு கொதிப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். இடையிடையே மணிகளை அகன்ற தட்டில் கொட்டி, நீர் தெளித்துக் கையால் உதிர்த்து, இரண்டு மூன்று முறை ஆவியில் வைப்பார்கள். கடைசியில் அதே குழம்பை மேலே ஊற்றுவார்கள். ஆகவே இறைச்சித் துண்டை எடுத்துவிட்டாலும் அது சைவமாகாது. "இறைச்சி இருக்கிறதா?" என்று கேட்பதைவிட, "எந்தக் குழம்பில் வெந்தது?" என்று கேட்பதே சரி. தக்காளியும் பருப்பும் சேர்ந்த ஹரிரா சூப்பிலும் சிறு இறைச்சித் துண்டுகள் கிடப்பது வழக்கம் என்பதால் அங்கும் இதே கேள்வி தேவை.

சைவ மாணவர்களுக்கு என்னதான் வழி? கத்தரிக்காயையும் தக்காளியையும் மசித்துச் செய்யும் ஸாலூக் இருக்கிறது. அதைவிட மலிவும் நிறைவும் தருவது பிஸ்ஸாரா. ஃபாவா என்னும் மொச்சை வகையைக் காயவைத்து, பூண்டுடன் கரைய வேகவைத்த கெட்டியான சூப் அது. மேலே ஆலிவ் எண்ணெயும் சீரகத் தூளும் இடுவார்கள். குளிர்காலக் காலை வேளையில் வேலைக்குச் செல்பவர்கள் வாங்கிக் குடிக்கும் உணவு என்பதால், மதியத்திற்குள் பல கடைகளில் தீர்ந்துவிடும்.

மறுநாள் காலை எட்டு மணிக்கே அவளை அப்படி ஒரு கடைக்கு அழைத்துச் சென்றேன். பானையைக் காட்டி, எதில் வெந்தது என்று சைகையால் கேட்டேன். கடையிலிருந்த பெரியவர் சிரித்துக்கொண்டே ஒரு கைப்பிடி காய்ந்த மொச்சையையும் தண்ணீர்க் குடத்தையும் காட்டினார். பிறகு பச்சைத் தேயிலையும் புதினாவும் சேர்ந்த தேநீரை, நம் தே தாரிக் போல உயரத்திலிருந்து ஊற்றிக் கொடுத்தார். அவள் இரண்டாவது கிண்ணம் கேட்டாள்.