விதூடகனின் அச்சம்

நாடக அரங்குகளிலே மின்விளக்குப் புகுமுன், சுண்ணாம்புக் கட்டியொன்றைக் கடுஞ்சுவாலையிலே காய்ச்சிப் பெற்ற வெண்ணொளியை நடிகர்மீது பாய்ச்சினர் மேனாட்டார். அவ்வொளியின் பெயர் 'லைம்லைற்'. நாளடைவில் அச்சொல் புகழுக்கே ஆகுபெயராயிற்று. சார்லி சப்ளின் 1952ஆம் ஆண்டு வெளியிட்ட திரைப்படத்தின் பெயரும் அதுவே.

கதை நிகழும் களம் 1914ஆம் ஆண்டின் இலண்டன். கல்வெரோ என்பான் ஒருகாலத்திலே அரங்குகளைச் சிரிப்பொலியால் அதிரவைத்த விதூடகன். இப்பொழுது முதுமையுற்று, மதுவுக்கு அடிமையாகி, வாடகை அறையொன்றில் வாழ்கின்றான். அதே வீட்டில் தற்கொலைக்கு முயன்ற தெரேசா என்னும் நடனமாதைக் காப்பாற்றுகின்றான். கால்கள் இனி வழங்கா என நம்பிக் கிடக்கும் அவளுக்கு வாழ்வின் மேன்மையை ஓயாது எடுத்துரைக்கின்றான். (இப்பகுதியிற் பேச்சு மிகுதி என்பது உண்மையே. மௌனப் படங்களின் மன்னர் இங்கே சற்று அதிகமாகவே பேசிவிட்டார்!)

எனினும் இப்படத்தின் உயிர்நிலை அவ்விருவர் அன்பன்று, விதூடகனுடைய அச்சமே. சோக நடிகன்முன் அவையினர் அமைதியாயிருப்பின் அது அவனுக்கு வெற்றி. விதூடகனுக்கோ அவ்வமைதியே மரண தண்டனை. கல்வெரோ கனவிலே மேடையேறி, கண்ணுக்குப் புலப்படாத தெள்ளுப்பூச்சிகளை ஆட்டுவித்து வித்தை காட்டுகின்றான். வணங்கி நிமிர்ந்து நோக்கினால், இருக்கைகள் யாவும் வெறுமை!

ஏன் இந்நிலை வந்தது? வயது ஏற ஏற மனிதன் வாழ்வை ஆழ்ந்து நோக்க விரும்புகின்றான்; துயரந் தோய்ந்த ஒரு பெருமிதம் அவனைப் பற்றுகின்றது; விதூடகனுக்கு அது நஞ்சு என்பதே கல்வெரோ தெரேசாவுக்குக் கூறும் விடையின் சாரம். அவையோடிருந்த உறவு அறவே, மதுவை நாடினான். மதுவின்றி நகைப்பூட்ட இயலாதென்றாயிற்று. மதுவோ உயிருக்கு உலைவைத்தது. நகை, அச்சம், பெருமிதம் மூன்றும் மெய்ப்பாடு எட்டனுள் அடங்குவன என்பதை நாம் அறிவோம். அவற்றுள் ஒன்று மற்றொன்றைக் கொல்வதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய கதை பிறிதொன்றை யான் கண்டிலேன்.

சப்ளின் இதனை ஏட்டிற் கற்றவரல்லர். அவர் தந்தையார் அரங்கப் பாடகர். குடியினால் நலிந்து 1901இல், 38ஆம் வயதிலே மறைந்தவர். தாயார் மேடையிற் குரலுடைந்து நின்றபொழுது, ஐந்து வயதுச் சிறுவனாகிய தாமே சென்று பாடியதாகச் சப்ளின் தம் சுயசரிதையிற் கூறியுள்ளார்.

வேறு பெயரில் மீண்டும் மேடையேறிய கல்வெரோவைக் கண்டு அவையினர் எழுந்து செல்கின்றனர். அழுது நிற்கும் அவனைத் தேற்ற முனைகையிலேதான் தெரேசா தான் நடப்பதை உணர்கின்றாள்! பின்னர் அவள் பெரும் புகழ் எய்துகின்றாள். அவனோ தெருவிலே பாடிப் பிழைக்கின்றான்.

அவனைக் கௌரவித்து நடைபெறும் விழாக் காட்சியிலே, மௌனப்பட யுகத்திற் சப்ளினுக்கு நிகராக விளங்கிய பஸ்ரர் கீற்றன் தோழனாக வருகின்றார். கல்வெரோ கையில் வயலின். தோழன் முன்னே பியானோ. இசைத்தாள்கள் வழுக்கி விழுந்தவண்ணமிருக்கின்றன. கல்வெரோவின் கால் ஒன்று காற்சட்டைக்குள்ளே குறுகிக் குறுகி மறைகின்றது. பியானோத் தந்திகள் அறுந்து சிதறுகின்றன. வயலின் காலடியில் நசுங்குகின்றது. ஒரு சொல்லேனும் பேசப்படவில்லை. முடிவிற் கல்வெரோ மேடையினின்றும் முரசொன்றினுள் விழுகின்றான். அவனை முரசோடு தூக்கிச் செல்கின்றனர். அதுவும் வேடிக்கையின் ஓர் அங்கமென்றெண்ணி அவையினர் நகைக்கின்றனர். மாரடைப்பினால் அவன் திரைமறைவிலே உயிர்விடும்பொழுது, தெரேசா ஒன்றும் அறியாது ஒளியிலே ஆடிக்கொண்டிருக்கின்றாள்.

இப்பட வெளியீட்டை முன்னிட்டு 1952 செப்ரெம்பரிற் சப்ளின் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். அவர் கடலிலிருக்கையிலேயே அமெரிக்க அரசு மீள்நுழைவு அனுமதியை இரத்துச் செய்தது. இடதுசாரிச் சார்புடையவர் என்னும் ஐயம் அவர்மீதிருந்தது. அந்நாட்டுத் திரையரங்குகள் பல படத்தைக் காட்ட மறுத்தன. லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் அது முறைப்படி திரையிடப்பட்டது 1972இலேதான். அதனால், படத்தின் இசைக்கான ஒஸ்கார் பரிசு 1973இல் வழங்கப்பட்டது. அப்பொழுது சப்ளினுக்கு வயது 83.