உங்களுக்குத் தெரியுமா? - ஆழ்கடல் கைக்கடிகாரங்கள்

● சுவிஸ் நிறுவனமான பிளாங்பாங் 1953-இல் வெளியிட்ட ‘ஃபிஃப்டி ஃபேதம்ஸ்’, இன்றைய டைவிங் வாட்ச்களின் முன்னோடி. 50 ஃபேதம் என்பது சுமார் 91 மீட்டர் ஆழம். பிரெஞ்சுக் கடற்படையின் முக்குளிப்பு வீரர்கள் இதை அணிந்தார்கள்.

● டயலைச் சுற்றியுள்ள வளையம், நீருக்குள் கழிந்த நிமிடங்களைக் காட்டும். பல மாடல்களில் அது இடப்பக்கம் மட்டுமே திரும்பும். தவறுதலாக இடிபட்டு நகர்ந்தாலும், கழிந்த நேரம் கூடுதலாகவே தெரியும். காற்று தீருமுன் மேலே வந்துவிடலாம்!

● 1960 ஜனவரி 23 அன்று ‘திரியெஸ்தே’ கலம் மரியானா அகழியில் சுமார் 10,900 மீட்டர் ஆழத்துக்கு இறங்கியது. அதன் வெளிப்புறத்தில் கட்டியிருந்த ரோலெக்ஸ் சோதனைக் கடிகாரம் ஓடியபடியே மேலே வந்தது.

● ஆழ்கடல் பணிக்காக ஹீலியம் கலந்த வாயு நிரப்பிய அழுத்த அறையில் நாள்கணக்கில் தங்கும் முக்குளிப்போரின் கடிகாரத்துக்குள் ஹீலியம் புகுந்துவிடும். அழுத்தம் குறையும்போது அது கண்ணாடியையே பெயர்த்துவிடும். இதற்காகவே 1960-களின் பிற்பகுதியில் ஹீலியம் வால்வு வந்தது.

● பழைய டயல்களில் ஒளிர்வதற்கு முதலில் ரேடியமும் பின்னர் டிரிட்டியமும் பூசினார்கள். டிரிட்டியத்தின் அரை ஆயுள் சுமார் 12 ஆண்டுகள். ஒளி மங்கிப் பழுப்பேறிய அசல் டயலுக்குத்தான் சேகரிப்பாளர்களிடம் மவுசு. புதிதாக வண்ணம் பூசினால் மதிப்பு சரியும்.

● பழைய கடிகாரத்தின் ரப்பர் வளையங்கள் இற்றுப்போயிருக்கலாம். பரிசோதிக்காமல் நீரில் இறக்காதீர்கள். ரேடியம் பூசியதை நீங்களே திறக்கவும் வேண்டாம்.