நாற்பது கஜமும் இருபது நொடியும்

2002 சீசனில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் கோச் ஜெஃப் டெட்ஃபோர்ட், ப்யூட் கல்லூரி என்ற சிறிய ஈராண்டுக் கல்லூரியின் ஆட்டக்காரர் ஒருவர் மீது கண் வைத்திருந்தார். அவர் பந்தைப் பிடிப்பவர். ஆனால் டெட்ஃபோர்டின் கண்ணில் நின்றவர், அவருக்குப் பந்தை எறிந்துகொண்டிருந்த இன்னொருவர். பெயர் ஆரன் ராஜர்ஸ். பள்ளி முடித்தபோது பெரிய கல்லூரி எதுவும் அவருக்கு உதவித்தொகை தர முன்வரவில்லை. உடம்பு போதாது என்று விட்டுவிட்டார்கள். அதே ராஜர்ஸ் 2011இல் கிரீன் பே பேக்கர்ஸ் அணிக்கு, தொழில்முறை ஃபுட்பாலின் இறுதிப் போட்டியான சூப்பர் போலை வென்று கொடுத்தார்.

கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை நம்பி எந்தப் பையனும் மைதானத்தில் காத்திருக்கக்கூடாது. யாரோ வருவார், தற்செயலாகப் பார்ப்பார், கூட்டிப்போவார் என்பது லாட்டரிச் சீட்டு.

இங்கே சொல்வது நம் ஊர்க் கால்பந்து அல்ல. தலைக்கவசமும் தோள்காப்பும் மாட்டிக்கொண்டு முட்டை வடிவப் பந்துக்காக மோதும் அமெரிக்க ஃபுட்பால். அங்கே உயர்நிலைப் பள்ளிகளில் சுமார் 10 லட்சம் பேர் இதை ஆடுகிறார்கள். என்சிஏஏ என்ற கல்லூரி விளையாட்டு அமைப்பின் அணிகளுக்குள் நுழைபவர்கள் நூற்றுக்கு ஏழு பேர். தொலைக்காட்சியில் வரும் பெரிய கல்லூரிகள் உள்ள முதல் பிரிவுக்கு என்றால் மூன்று பேர் அளவில்தான்.

இத்தனை பேரை யார் போய்ப் பார்ப்பது? பள்ளி ஆட்டங்கள் வெள்ளிக்கிழமை இரவில். கல்லூரி ஆட்டம் மறுநாள் சனிக்கிழமை. தன் அணியை விட்டுவிட்டு டெக்சாஸின் ஏதோ ஒரு மூலை மைதானத்தில் போய் உட்கார கோச்சுக்கு எத்தனை வெள்ளிக்கிழமை கிடைக்கும்? அதனால் முதல் பார்வை அநேகமாக வீடியோவில்தான் நடக்கிறது. 2006இல் நெப்ராஸ்காவின் லிங்கன் நகரில் தொடங்கிய ஹட்ல் என்ற நிறுவனம்தான் இதற்குப் பொதுச் சந்தை மாதிரி. பள்ளிக் கோச் ஆட்டத்தின் பதிவை அதில் ஏற்றிவிடுவார். பையன் தன் நல்ல ஆட்டங்களை மட்டும் வெட்டி ஒரு தொகுப்பு செய்துகொள்வான்.

அந்தத் தொகுப்பில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். முதல் ஒரு நிமிடம் பெயர்ப்பலகை, புகை, காதைக் கிழிக்கும் பாட்டு. ஒரு நாளைக்குப் பத்து இருபது வீடியோ பார்க்கும் உதவிக் கோச்சுக்கு இதற்கெல்லாம் பொறுமை கிடையாது. முதல் இருபது நொடியில் ஆள் தெரியவில்லை என்றால் அடுத்த பையனுக்குப் போய்விடுவார். ஆகவே சீசனிலேயே ஆகச் சிறந்த ஆட்டம்தான் முதலில் வரவேண்டும். ஒவ்வொரு துண்டும் தொடங்கும் முன் தன் மேல் ஒரு வட்டமோ அம்புக்குறியோ போட்டுவிட வேண்டும்; இருபத்திரண்டு பேர் மோதும் இடத்தில் அதுவும் இல்லாமல் யாரைத் தேடுவது? மொத்தம் மூன்று, நான்கு நிமிடம் போதும்.

தொகுப்பு பிடித்துவிட்டால் கோச் அடுத்துக் கேட்பது முழு ஆட்டத்தின் பதிவை. என் கணக்கில் உண்மையான பரீட்சை இதுதான். பந்து எதிர்ப்பக்கம் போனபிறகு இவன் ஓடுகிறானா, நின்று வேடிக்கை பார்க்கிறானா? தவறு செய்துவிட்டு அடுத்த ஆட்டத்தில் எப்படி நிற்கிறான்? வெட்டி ஒட்டிய தொகுப்பில் இதெல்லாம் தெரியாது.

பிறகு உடம்பு. முன்வரிசையில் தள்ளுமுள்ளு செய்யும் லைன்மேனுக்கு 6 அடி 5 அங்குலம் இருந்தால் கோச்சின் முகம் மலரும். 6 அடி என்றால், எவ்வளவு நன்றாக ஆடினாலும் யோசிப்பார். பள்ளி அச்சிடும் பட்டியலில் உயரம் ஓர் அங்குலமாவது கூடியிருக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். அதனால் பெற்றோரின் உயரத்தைக்கூட நோட்டமிடுவார்கள், பையன் இன்னும் வளர்வானா என்று. தடகளம், மல்யுத்தம், கூடைப்பந்து என்று வேறு விளையாட்டும் ஆடுபவனுக்கு மதிப்பு அதிகம். 100 மீட்டரை மின்கடிகாரத்தில் 10.6 நொடியில் ஓடியவனின் வேகத்தைப் பற்றி யாரும் வாதாட முடியாது.

இதையெல்லாம் நேரில் சோதிக்கும் இடம் ஜூன் மாத முகாம்கள். கல்லூரி மைதானத்திலேயே ஒருநாள் முகாம் நடத்துவார்கள். காலையில் உயரமும் எடையும் அளப்பார்கள். பிறகு 40 கஜ ஓட்டம். கோட்டில் ஒரு கையை ஊன்றி, குனிந்து, பையன் மூச்சைப் பிடித்து நிற்பான். 4.5 நொடிக்குள் வந்தால் ஸ்டாப்வாட்ச் பிடித்தவர் பக்கத்தில் இருப்பவரிடம் அதைக் காட்டுவார். பிறகு ஒருவனுக்கு ஒருவன் மோதல். எதிராளி பலவீனமானவன் என்ற சாக்கு அங்கே எடுபடாது. வீடியோவைப் பார்த்துத் தயங்கிய கோச், மாலையில் பையனைத் தன் அறைக்கு அழைப்பதும் உண்டு.

பள்ளி ஆட்டக்காரர்களைத் தரம் பிரிக்கும் 247ஸ்போர்ட்ஸ், ரைவல்ஸ் போன்ற தளங்கள் தரும் நட்சத்திரங்களைப் பெற்றோர் பெரிதாக நினைக்கிறார்கள். பெரிய கல்லூரி ஒன்று கூப்பிட்டது தெரிந்தால் நட்சத்திரம் கூடுவதும் நடக்கிறது. எது காரணம், எது விளைவு என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

மதிப்பெண்தான் நட்சத்திரத்தைவிட முக்கியம் என்பேன். முதல் பிரிவில் ஆட 16 முக்கியப் பாடங்கள் முடித்து, அவற்றில் நான்குக்கு 2.3 சராசரி வேண்டும். பள்ளிக்கு வரும் கோச், ஒருவன் பிடித்துப்போனால் சீக்கிரமே கேட்பது அவன் மதிப்பெண் பட்டியலைத்தான்.

பதினோராம் வகுப்பின் செப்டம்பர் 1 முதல் கல்லூரி பையனுக்கு நேரடியாக எழுதலாம். "உனக்கு இடம் உண்டு" என்று வாயால் சொல்வது இரு தரப்பையும் கட்டாது. பன்னிரண்டாம் வகுப்பின் டிசம்பரில் கையெழுத்து விழும் வரை எதுவும் மாறலாம். இப்போது அது இன்னும் நிச்சயமில்லாமல் போய்விட்டது. காரணம், 2018இல் வந்த ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டல். ஒரு கல்லூரியில் ஆடுபவர் பெயரைப் பதிந்துவிட்டு வேறு கல்லூரிக்குத் தாவலாம். 2021இலிருந்து முதல் தாவலுக்கு ஓராண்டு உட்கார வேண்டியதும் இல்லை. இன்னும் வளராத பதினேழு வயதுப் பையனா, களத்தில் நிரூபித்த இருபத்திரண்டு வயது ஆளா? வேலை போகும் பயத்தில் இருக்கும் கோச் இரண்டாமவரைத்தான் எடுப்பார். பள்ளிப் பையன்களுக்கான இடம் அந்த அளவுக்குச் சுருங்கிவிட்டது.

அதனால் சிறிய கல்லூரிகளுக்கும் எழுதிப் போடுவதே புத்திசாலித்தனம். மூன்றாம் பிரிவில் விளையாட்டு உதவித்தொகை கிடையாது. ஆனால் படிப்புக்கும் குடும்ப வருமானத்துக்கும் தரும் உதவி உண்டு. "உங்கள் மகனை நாங்கள் தெரியப்படுத்துகிறோம்" என்று ஆயிரக்கணக்கான டாலர் கேட்கும் சேவைகள் பல இருக்கின்றன. அவர்கள் அனுப்பும் மின்னஞ்சலைப் பையனே காசில்லாமல் அனுப்பலாம்: பள்ளி முடிக்கும் ஆண்டு, ஆடும் இடம், உயரம், எடை, மதிப்பெண், வீடியோ இணைப்பு, பள்ளிக் கோச்சின் எண். பத்து வரிக்கு மேல் வேண்டாம்.

கலிஃபோர்னியாவின் ஃபயர்பா என்ற விவசாய ஊரிலிருந்து வந்த ஜாஷ் ஆலன் அதைத்தான் செய்தார். பள்ளி முடித்தபோது முதல் பிரிவில் யாரும் கூப்பிடவில்லை. சின்ன வயதிலிருந்து அவர் ஆசைப்பட்ட பக்கத்து ஃப்ரெஸ்னோ ஸ்டேட்கூட எடுத்துக்கொள்ளவில்லை. ரீட்லி என்ற ஈராண்டுக் கல்லூரியில் ஒரு சீசன் ஆடிவிட்டு, நாடு முழுவதும் உள்ள கோச்சுகளுக்கு மின்னஞ்சல் அனுப்பித் தள்ளினார். கடைசியில் அவர் போய்ச் சேர்ந்தது வயோமிங். 2018இல், தொழில்முறை அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை எடுக்கும் டிராஃப்ட்டில், பஃபலோ பில்ஸ் அணி அவரை ஏழாவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது.