ஒரே குண்டு: தரை, பெஞ்சு, சேர் சொன்ன மூன்று தீர்ப்பு!

பாப்பாரப்பட்டி:-

பஸ் ஸ்டாண்டில் ஒருவர் இன்னொருவரை 'பளார்' என்று அறைகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அறைந்தவர் மூட்டை தூக்குகிறவர் என்றால் ஊர் என்ன சொல்லும்? "ரவுடிப் பய. இவனுங்களே இப்படித்தான்."

அறைந்தவர் நாலு காசு உள்ள வீட்டுப் பிள்ளை என்றால்? "சின்ன வயசு. ஏதோ கோவத்துல கை நீட்டிட்டான்."

அறைந்தவர் சினிமா நடிகர் என்றால்? "அண்ணன் அடிச்சிட்டாருப்பா! இவன் என்ன சொல்லித் தொலைச்சானோ!"

கை ஒன்று, கன்னம் ஒன்று. பேர் மட்டும் மூன்று!

இந்தப் பழக்கம் இன்று நேற்று வந்ததல்ல. 1967-ம் ஆண்டு பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு தமிழ்நாட்டையே உலுக்கிய ஒரு துப்பாக்கிச் சூட்டை எடுத்துக்கொண்டால், யார் எந்த இடத்தில் உட்கார்ந்து நியாயம் பேசினார்கள் என்பது பளிச்சென்று தெரியும்.

ராமாவரம் தோட்டத்தில் 'டுமீல்'!

1967, ஜனவரி 12. சாயங்கால நேரம். சென்னை ராமாவரம் தோட்டத்தில் எம்.ஜி.ஆரைப் பார்க்க நடிகவேள் எம்.ஆர்.ராதா வந்தார். கூட வந்தவர் பட அதிபர் வாசு. பேச்சு நடந்துகொண்டிருந்தபோதே துப்பாக்கி வெடித்தது. எம்.ஜி.ஆரின் இடது காதருகே குண்டு பாய்ந்தது. ராதாவின் உடம்பிலும் குண்டுக் காயம்!

இரண்டு பேரையும் ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரிக்கு.

எம்.ஜி.ஆரைச் சுட்டுவிட்டு ராதா தன்னையும் சுட்டுக்கொண்டார் என்பது போலீஸ் தரப்பு. ராதா தரப்பு இதை மறுத்தது. மறுப்பைக் கோர்ட்டு ஏற்கவில்லை. 1967 நவம்பரில் செங்கல்பட்டு செசன்சு கோர்ட்டு ராதாவுக்கு 7 ஆண்டு ஜெயில் தண்டனை கொடுத்தது. சுப்ரீம் கோர்ட்டு வரை வழக்கு போனது. அங்கே தண்டனை 5 ஆண்டாகக் குறைந்தது. 1971-ல் ராதா வெளியே வந்தார்.

கோர்ட்டு சொன்ன தீர்ப்பு இது. மக்கள் சொன்ன தீர்ப்போ மூன்று! அந்தக் காலத்து டூரிங் கொட்டகையில் தரை, பெஞ்சு, சேர் என்று மூன்று டிக்கெட் இருந்ததே, அதே போல.

தரை டிக்கெட் ஏன் அழுதது?

செய்தி பரவியதும் ஆஸ்பத்திரி வாசலில் ஆயிரம் ஆயிரமாக ஜனம் திரண்டது. தெருவில் நின்று அழுதார்கள். ரிக்‌ஷா இழுப்பவர், இட்லிக் கடை ஆயா, கட்டட வேலைக்காரர் என்று உழைக்கிற ஜனம்தான் அதில் முன்னால் நின்றது.

"படிக்காத கும்பல். சினிமா எது, நிஜம் எதுன்னு தெரியாத கூட்டம்" என்று அப்போதே சிலர் ஏளனம் பேசினார்கள். அப்படியா? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

ராயப்பேட்டையும் ஜெனரலும் என்ன ஆஸ்பத்திரி? சர்க்கார் ஆஸ்பத்திரி! பிரசவத்துக்கும் பேதிக்கும் ஏழை போய் வரிசையில் நிற்கிற இடம். அங்கேதான் எம்.ஜி.ஆரும் கட்டிலில் கிடந்தார். கேட்டுக்கு வெளியே நின்றவருக்கு அது அந்நிய இடமில்லை. நம்ம வீட்டு ஆள் அடிபட்டுக் கிடக்கிறார் என்று நினைக்க அதுவே போதும்.

இன்னொன்று. எம்.ஜி.ஆர். படத்தில் அவர் முதலில் கை நீட்டமாட்டார். வாங்கிக்கொண்டு, பொறுத்துக்கொண்டு, கடைசியில்தான் திருப்பிக் கொடுப்பார். பண்ணையாரிடமும் மேஸ்திரியிடமும் தினம் வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுக்க முடியாதவனுக்கு அந்த அடி தன்னுடைய அடி. ஆகவே அந்தக் கழுத்தில் பாய்ந்த குண்டும் தன் கழுத்தில் பாய்ந்த மாதிரி இருந்தது.

அடுத்த மாதமே தேர்தல். கழுத்தில் கட்டோடு எம்.ஜி.ஆர். இருக்கும் படம் சுவருக்குச் சுவர் ஒட்டப்பட்டது. பரங்கிமலைத் தொகுதிக்குப் பிரசாரம் செய்ய அவரால் போக முடியவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடியே 27 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார்! தி.மு.க. முதன்முதலாக ஆட்சியைப் பிடித்த தேர்தல் அது. விலைவாசி, அரிசித் தட்டுப்பாடு, இந்தி எதிர்ப்பு என்று வெற்றிக்குப் பெரிய காரணங்கள் பல இருந்தன. அவற்றோடு இந்தக் கழுத்துக் கட்டும் சேர்ந்துகொண்டது.

குண்டுக்குப் பிறகு எம்.ஜி.ஆரின் குரலே மாறிப்போனது. சொல் தெளிவாக விழவில்லை. "இந்தக் குரலை ஜனங்க ஏத்துக்குமா?" என்ற கேள்வி வந்தது. தரை டிக்கெட் ஏற்றுக்கொண்டது. அந்தக் குரலோடேயே அவர் பத்தாண்டு காலம் கதாநாயகனாக நடித்தார். 1977-ல் முதல்-மந்திரியும் ஆனார்.

பெஞ்சு பேசிய நியாயம்

பெஞ்சு டிக்கெட் யார்? கடைக்காரர், வாத்தியார், ஆபீஸ் கிளார்க். இவர்கள் அழவில்லை, பேப்பர் படித்தார்கள். சாட்சி என்ன சொன்னார், குறுக்கு விசாரணையில் வக்கீல் எப்படி மடக்கினார், எத்தனை குண்டு, எந்தத் துப்பாக்கி என்று தினம் வரிக்கு வரி அலசினார்கள். சலூனில் தொடங்கிய விவாதம் பஸ்ஸில் முடியும்.

பெஞ்சுக்காரருக்கு அடித்தவர்மேல் கோபம் குறைவு. ஒழுங்கு கெட்டுவிட்டதே என்ற கவலை அதிகம். "பெரிய மனுஷங்களே இப்படி நடந்துக்கிட்டா நாளைக்குத் தெருவுல என்ன ஆகும்?" இதுதான் அவர் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு கூலிக்காரன் வெட்டுப்பட்ட கேஸுக்கு அதே பெஞ்சுக்காரர் சாட்சி சாட்சியாகப் பேப்பர் படித்ததுண்டா? ஒரு பத்திச் செய்தியைப் பார்த்து, "குடிச்சிட்டுச் சண்டை போட்டிருப்பானுங்க" என்று அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்.

சேர் டிக்கெட்டின் சிரிப்பு

சேரில் உட்கார்ந்திருந்தவருக்கு இது வேடிக்கை. "கூத்தாடிங்க சண்டை" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டார். சுட்டவரும் கூத்தாடி, சுடப்பட்டவரும் கூத்தாடி, வாசலில் அழுகிறவன் முட்டாள்!

அந்தச் சேர்க்காரர் வீட்டிலும் லைசென்சு துப்பாக்கி இருக்கும். பங்காளிச் சண்டையில் அவர் வேட்டுப் போட்டால் அது 'குடும்பப் பிரச்சினை'. ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி முடித்துவிடுவார்கள். நடிகன் போட்டால் நாடு கெட்டுப்போச்சு!

ஜெயிலுக்குப் போனவன் திரும்பி வந்தால்...

ராதாவுக்கும் தரை டிக்கெட் அந்நியரல்ல. 'ரத்தக்கண்ணீர்' நாடகத்தில் சீமைக்குப் போய் வந்த பணக்காரனாக அவர் வந்து, பணக்காரத் திமிரையே கிழித்துக் காட்டியபோது கைதட்டியது அதே தரைதான். 1954-ல் அது படமாக வந்தபோதும் அப்படியே. 1967-ல் அவர்மேல் கொதித்த ஜனம், 1971-க்குப் பிறகு அவர் நாடகத்துக்கும் படத்துக்கும் மறுபடி வந்து உட்கார்ந்தது. 1979-ல் சாகும்வரை அவர் நடிகவேள்தான்.

"தண்டனையை அனுபவிச்சிட்டாரு, கணக்குத் தீர்ந்துச்சு" என்ற அந்தக் கணக்கு நல்ல கணக்கு. ஆனால் அது நடிகருக்கு மட்டும் என்பதுதான் இடிக்கிறது. ஆறு மாதம் உள்ளே இருந்துவிட்டு வரும் லாரி கிளீனருக்கு அந்தக் கணக்கு உண்டா? வாடகைக்கு வீடு கிடைக்காது. கடையில் வேலை கேட்டால் "ஏப்பா, நீ ஜெயிலுக்குப் போனவனாச்சே" என்பார்கள். பெண் கொடுக்கமாட்டார்கள்.

பாப்பாரப்பட்டிக்காரர்களுக்கு இது புதிதல்ல. ஜெயிலுக்குப் போய் வந்த ஒருவருடைய நினைவுதான் இந்த ஊருக்கே பெருமை. சுப்பிரமணிய சிவா! அவர் யாரையும் சுடவில்லை. தூத்துக்குடியில் வ.உ.சி.யோடு சேர்ந்து மேடையில் பேசினார். 1908-ல் அதற்காக வெள்ளைக்காரன் கோர்ட்டு அவருக்குக் கொடுத்தது 10 ஆண்டுத் தண்டனை! அது பிறகு குறைந்து 1912-ல் வெளியே வந்தபோது உடம்பில் தொழுநோய். ரெயிலில் ஏறக்கூடாது என்று தடை வேறு. ஊர் ஊராகக் கால்நடையாக நடந்தார். கடைசியில் இந்தப் பாப்பாரப்பட்டியில்தான் 1925 ஜூலை 23-ந்தேதி கண் மூடினார்.

சுட்டவருக்கு 7 ஆண்டு, பேசியவருக்கு 10 ஆண்டு! சட்டப் புத்தகம் வேறு, ஆட்சியும் வேறு என்பது உண்மை. ஆனாலும் தண்டனையின் கனத்தை ஏற்றுவதும் இறக்குவதும் குற்றம் மட்டுமல்ல என்பதற்கு இந்த ஊர் மண்ணிலேயே சாட்சி இருக்கிறது.

செத்தவர் பெயர் வழக்குக்கு மட்டும்!

எம்.ஜி.ஆர்.-ராதா வழக்குக்கு 22 ஆண்டு முன்பே இன்னொரு வழக்கு. 1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் 'இந்து நேசன்' பத்திரிகை லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டுச் செத்தார். எம்.கே.தியாகராஜ பாகவதரும் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனும் கைதானார்கள். 1945-ல் இருவருக்கும் ஆயுள் தண்டனை. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1947-ல் விடுதலை ஆனார்கள்.

பாகவதர் ஜெயிலில் இருந்த காலத்திலும் அவருடைய 'ஹரிதாஸ்' படம் சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளியைக் கண்டது! ஜூரிகள் குற்றவாளி என்றார்கள். டிக்கெட் வாங்கியவர்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் விடுதலையே ஆகிவிட்டதால் ஜனத்தின் நம்பிக்கை ஜெயித்தது என்றும் சொல்லலாம். ஆனால் குத்துப்பட்டுச் செத்தவருக்காக அழுதவர் எத்தனை பேர்? நடிகர்களைப் பற்றிக் கிசுகிசு எழுதிய ஆள்தானே என்று விட்டுவிட்டார்கள். வழக்கின் பெயரில் மட்டும் அவர் இன்னும் இருக்கிறார்.

ஆஸ்கார் மேடையில் ஓர் அறை

நம் ஊர்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். 2022 மார்ச் 27. அமெரிக்காவில் ஆஸ்கார் விழா. நடிகர் வில் ஸ்மித்தின் மனைவிக்கு முடி உதிரும் வியாதி. அந்த மொட்டைத் தலையை வைத்து கிறிஸ் ராக் மேடையில் ஜோக் அடித்தார். வில் ஸ்மித் விறுவிறுவென்று மேடை ஏறி, உலகமே டி.வி.யில் பார்க்க, அவர் கன்னத்தில் ஒன்று விட்டார்!

போலீஸ் வந்து இழுத்துப் போனதா? இல்லை. கிறிஸ் ராக் புகார் கொடுக்கவில்லை. அறைந்தவர் போய்ச் சொந்த இருக்கையில் உட்கார்ந்தார். ஒரு மணி நேரத்துக்குள் சிறந்த நடிகர் விருதும் அவருக்கே! அரங்கில் இருந்த கோடீஸ்வரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். பிறகுதான் கண்டனம், மன்னிப்பு எல்லாம். தண்டனை? 10 ஆண்டுக்கு ஆஸ்கார் விழாவுக்கு வரக்கூடாது!

அதே அரங்கில் தட்டு தூக்கும் சர்வர் ஒருவர் மேடை ஏறி அறைந்திருந்தால், விருது வாங்கும் நேரத்துக்கு அவர் லாக்-அப்பில் இருந்திருப்பார்.

இங்கே டீக்கடையில் கேட்டால், "பொண்டாட்டிய சொன்னா எவன்யா சும்மா இருப்பான்?" என்பார்கள். கோட்டு போட்டவர் "அநாகரிகம்" என்பார். அமெரிக்காவில் கறுப்பின மக்களில் பலருக்கு வேறு கவலை: "ஒருத்தன் அடிச்சதுக்கு நம்ம எல்லாரையும் முரடர்னு சொல்லுவாங்களே." பணக்காரன் அடித்தால் அவனுடைய கோபம், எளியவன் அடித்தால் அவன் சாதி சனத்துக்கே கெட்ட பேர்.

பக்கத்து மாநிலத்தில்...

தர்மபுரி மாவட்டத்து ஜனம் வேலைக்குப் போகிற பெங்களூருக்கு வருவோம். 2024 ஜூனில் கன்னட நடிகர் தர்ஷன் ஒரு கொலை வழக்கில் கைதானார். செத்தவர் மருந்துக்கடையில் வேலை பார்த்த ஓர் இளைஞர். போலீஸ் ஸ்டேஷன் முன்னால் திரண்ட ரசிகர்கள் கோஷம் போட்டது யாருக்காக? நடிகருக்காக! அவர்களில் பெரும்பாலோர் அந்த மருந்துக்கடைப் பையனைப் போல மாசச் சம்பளத்துக்கும் தினக்கூலிக்கும் உழைக்கிறவர்கள்தான்.

ஆகஸ்டில், ஜெயிலுக்குள் நாற்காலி போட்டுக் கையில் கப்போடு அவர் உட்கார்ந்திருக்கும் போட்டோ வெளியாகிப் பரபரப்பு. உடனே பல்லாரி ஜெயிலுக்கு மாற்றினார்கள். ஐகோர்ட்டு கொடுத்த ஜாமீனை 2025 ஆகஸ்டு 14-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு ரத்து செய்தது. எவ்வளவு பெரியவரானாலும் சட்டத்துக்கு மேலே இல்லை என்று சொன்னது. குற்றம் செய்தாரா இல்லையா என்பது விசாரணைக் கோர்ட்டு சொல்ல வேண்டியது. ரசிகரும் சொல்ல முடியாது, நாமும் சொல்ல முடியாது.

நம்மூர் ஸ்டேஷனில்?

ஒருவரைக் கையால் அடித்துக் காயம் உண்டாக்கினால் பழைய சட்டத்தில் 323-வது பிரிவு. ஓர் ஆண்டு வரை ஜெயில், அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2024 ஜூலை 1 முதல் வந்த புதிய சட்டத்தில் அது 115(2). அபராதம் 10,000 ரூபாய் வரை ஏறியிருக்கிறது. இந்த ஒரு பிரிவுக்கு மட்டும் வாரண்டு இல்லாமல் கைது செய்யும் அதிகாரம் போலீசுக்குக் கிடையாது.

ஆனால் ஸ்டேஷன் வாசலை மிதித்தவர்களுக்குத் தெரியும்: ஆபாசமாகத் திட்டினார், கொலை மிரட்டல் விடுத்தார் என்று கூடவே இரண்டு பிரிவு சேர்ந்துகொள்ளும். ஆள் இருக்கிறவர் வந்தால் 'சமாதானமாப் போங்கப்பா'. ஆள் இல்லாதவருக்கு ரிமாண்டு. ஜாமீனுக்குக் கையெழுத்துப் போட இரண்டு பேரைத் தேடி அவன் மனைவி வீடு வீடாக அலைய வேண்டும். அதற்குள் பத்து நாள் கூலி போச்சு.

சட்டத்தில் தரை, பெஞ்சு, சேர் என்று டிக்கெட் கிடையாது. அதைக் கிழித்துக் கொடுப்பது நாம்தான். டீக்கடையில், கடை வாசலில், ஆபீஸ் மேஜையில் நாம் வைக்கிற பேர்தான் 'ரவுடி' என்றும் 'அண்ணன்' என்றும் ஊரில் நிலைக்கிறது.

ஆகவே வாசகர்களே, நாளைக்குப் பேப்பரில் அடிதடிச் செய்தி வந்தால் ஒரு காரியம் செய்து பாருங்கள். அடித்தவர் பெயரைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு மீதியைப் படியுங்கள். யார் அடித்தது, யாருக்கு வலித்தது, காரணம் என்ன என்று மனசுக்குள் ஒரு தீர்ப்பு எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் விரலை எடுங்கள்.

பெயரைப் பார்த்ததும் தீர்ப்பை மாற்றத் தோன்றுகிறதா? அப்படியானால் நீங்கள் எந்த டிக்கெட் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்!