துருசும் நெடுஞ்சாலையும்

வன்னி நாட்டிலே நீரைப் பங்கிடுதல் புதிய விடயமன்று. கனகராயன் ஆற்றை மறித்து, 1902 ஆம் ஆண்டிலே கட்டத் தொடங்கிய இரணைமடுக் குளம் கிளிநொச்சி வயல்களுக்கு இன்றும் உயிர்நாடியாக விளங்குகின்றது. அதன் துருசு திறக்கப்படும்போதெல்லாம் ஒரு கேள்வி எழுவதை நேயர்கள் அறிவீர்கள். யாருக்கு முதலில் நீர்? யாருக்கு எவ்வளவு? இதே கேள்வி உலகின் பெருநகரங்களிலும் எழுந்திருக்கின்றது. ஆனால் அங்கே பங்கிடப்படுவது நீரன்று, வீதி.

அதிவேக நெடுஞ்சாலையிலே வாகனங்கள் நினைத்த இடத்தில் நுழைய முடியாது. அதற்கென அமைந்த ஏறுபாதைகளின் வழியாகவே நுழைதல் வேண்டும். சாலையின் ஒரு நிரையில் மணிக்கு ஏறத்தாழ 2,000 வாகனங்கள் தடையின்றிச் செல்லலாம். அதற்கு மேலும் வாகனங்கள் வந்து நெருங்கினால் ஒன்றையொன்று தடுத்து வேகம் குன்றுகின்றது. அப்போது மணிக்குக் கடந்து செல்லும் வாகனங்களின் தொகையே குறைந்துவிடுகின்றது. புனலிலே நெல்லை ஒரேயடியாகக் கொட்டினால் வாய் அடைத்துக்கொள்ளும். அளவாக இட்டால் விரைவில் இறங்கிவிடும். அதுபோன்றதே இதுவும்.

இதைத் தடுக்க, ஏறுபாதையின் முனையிலே சமிக்ஞை விளக்கை நிறுத்திச் சில வினாடிகளுக்கு ஒரு வாகனமாக உள்ளே விடும் முறையைக் கண்டனர். 1963 ஆம் ஆண்டிலே சிக்காகோ நகரின் ஐசனோவர் நெடுஞ்சாலையில் இது தொடங்கியபோது, பொலிஸ்காரர் ஒருவரே ஏறுபாதையில் நின்று வாகனங்களை ஒவ்வொன்றாக அனுப்பினார். நெடுஞ்சாலைக்கு அவர் ஒரு துருசு ஆனார் எனலாம்.

ஆனால் துருசு இருக்கும் இடத்தில் வழக்கும் இருக்குமன்றோ? நகரத்துக்கு வெகுதூரத்தில் வாழ்பவன், நெருக்கடி இல்லாத இடத்திலே சாலையில் ஏறிவிடுகின்றான். அவனைப் போன்றோர் சாலையை நிரப்பிவிட்டபின், நகரத்துக்கு அண்மையில் வாழ்பவன் சிவப்பு விளக்கின் முன்னே காத்து நிற்கின்றான். வாய்க்காலின் தலைப்பில் உள்ளவன் வயல் நிறையப் பாய்ச்சிக்கொள்ள, கடைக்கோடியில் உள்ளவன் வரம்பிலே நின்று வாய்க்காலைப் பார்த்திருப்பதற்கும் இதற்கும் வேறுபாடு சிறிதே.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திலே இந்த மனக்குறை முற்றியது. மக்களின் முறைப்பாட்டினால் மாநிலச் சட்டமன்றமே தலையிட்டது. 2000 ஆம் ஆண்டின் இறுதிப் பகுதியிலே ஏறத்தாழ 430 விளக்குகளும் சில வாரங்களுக்கு அணைக்கப்பட்டன. விளைவு என்ன? சாலை கடத்திய வாகனத் தொகை 9 வீதம் குறைந்தது. பயண நேரம் 22 வீதம் கூடியது. விபத்துகள் 26 வீதம் பெருகின. விளக்குகள் பயனுள்ளவை என்பது உறுதியாயிற்று.

எனினும் பழைய முறை அப்படியே திரும்பவில்லை. விளக்குகளின் தொகையும் அவை இயங்கும் நேரமும் குறைக்கப்பட்டன. சாதாரண ஏறுபாதையிலே எவரும் நான்கு நிமிடங்களுக்கு மேல் காத்திருக்கலாகாது என்று வரம்பு விதிக்கப்பட்டது. சாலையின் திறனில் சிறிது இழந்தேனும் காத்திருப்போரின் பொறுமைக்கு ஓர் எல்லை வைக்கப்பட்டது. அந்த எல்லை இன்றேல் மக்கள் மீண்டும் விளக்குகளையே வெறுத்திருப்பார்கள். அப்போது திறனும் போய்விடும்.

இனி நம் குளத்துக்கு வருவோம். திறன் ஒன்றையே கருதினால், குளத்துக்கு அண்மையிலுள்ள வயல்களுக்கு மட்டுமே நீர் விடவேண்டும். வாய்க்கால் நீள நீள, கசிந்தும் ஆவியாகியும் போகும் நீர் அதிகம். சமத்துவம் ஒன்றையே கருதினால், உள்ள நீரை எல்லா வயலுக்கும் சிறிது சிறிதாகப் பிரிக்க வேண்டும்; ஆனால் அப்போது எல்லாப் பயிரும் வாடும். இந்த இரண்டுக்கும் நடுவே உலர்வலயக் கமக்காரர் பண்டைக் காலத்திலேயே ஒரு வழி கண்டனர். நீர் குறைந்த போகத்திலே, குளத்துக்கு அண்மையான ஒரு பகுதி நிலத்தை மட்டும் தெரிந்து, அதனையே எல்லாக் கமக்காரரும் அந்தப் போகத்துக்குப் பங்கிட்டு விதைப்பர். சிங்களத்திலே இதனைப் ‘பெத்ம’ என்பர். வாய்க்கால் குறுகுவதால் நீர் மிஞ்சுகின்றது. பங்கு உண்டாதலால் எவரும் வெறுங்கையோடு திரும்புவதில்லை.

இரணைமடுவிலும் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்பது குளத்தில் நிற்கும் நீரைப் பொறுத்தே ஆண்டுதோறும் தீர்மானமாகின்றது. விதைப்புக்கு முன்னரே கமக்காரரும் அதிகாரிகளும் கூடி அதனைப் பேசி முடிக்கின்றனர். பங்கு குறைந்தவனுக்கும் காரணம் முன்கூட்டியே தெரிந்துவிடுகின்றது. மினசோட்டாவின் விளக்குகளுக்கு முதலில் இல்லாதிருந்தது இதுவே. காத்திருப்பவனுக்குத் தான் ஏன் நிற்கின்றான், எவ்வளவு நேரம் நிற்பான் என்பது தெரியவில்லை.

துருசாயினும் விளக்காயினும் அதன் கணக்கை வகுப்பவர் பொறியியலாளர். அக்கணக்குக்குக் கட்டுப்பட்டு நிற்பவர் மக்கள். கடைக்கோடியில் நிற்பவனுக்கும் ஒரு பங்கும், அவன் காத்திருப்புக்கு ஓர் எல்லையும் அக்கணக்கிலே இருந்தால், இரவிலே வாய்க்காலை வெட்டி நீரைத் திருப்ப அவனுக்குக் காரணம் இராது. நீதி இவ்வாறு திறனுக்கும் காவலாகின்றது.