லயத்துக்குப் பின்னால் நின்ற கோப்பி மரம்

மலாக்காவின் அசஹானில் நாங்கள் குடியிருந்த தோட்டத்து லயத்துக்குப் பின்னால், கோழிக்கூட்டை ஒட்டி ஒரு கோப்பி மரம் நின்றது. பாட்டி பழம் பறிக்க ஏணி சாத்துவார். தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த மாமா அண்ணாந்து பார்த்துவிட்டு, “ஏன் அத்தை, காப்பின்னா செடிதானே? இது மரமால்ல நிக்குது!” என்றார். “நம்ம ஊருக் கோப்பி இப்படித்தான்யா வளரும்” என்றார் பாட்டி.

அது லைபீரிக்கா வகைக் கோப்பி. மேற்கு ஆப்பிரிக்காவின் லைபீரியா பக்கத்து மரம். வெட்டாமல் விட்டால் 30 அடியைத் தாண்டும். அராபிக்காவுக்கு மலைக்குளிர் வேண்டும். லைபீரிக்காவுக்கு மலாக்காவின் சமதரையும் வெக்கையும் போதும்.

லைபீரிக்கா மலாயாவில் பரவியதற்கு இலங்கையில் நேர்ந்த அழிவு ஒரு முக்கியக் காரணம். 1869-இல் அங்கே தலைகாட்டிய இலைத்துரு நோய், மலையகத்தின் அராபிக்காத் தோட்டங்களைப் படிப்படியாகச் சாய்த்தது. துரைமார் சிலர் மலாயாவுக்கு வந்து, வெப்பம் தாங்கும் லைபீரிக்காவை நட்டார்கள். அந்தக் கோப்பிக் காடுகளில் களை பிடுங்கிப் பழம் பறித்தவர்களில் தமிழர்கள் ஏராளம். 1890களின் பிற்பகுதியில் பிரேசில் கோப்பி உலகச் சந்தையில் குவிந்து விலை விழுந்தது. இங்கே இலையைத் தின்னும் புழுவும் சேர்ந்துகொண்டது. தோட்டங்கள் ரப்பருக்கு மாறின. மலாக்காவில் டான் சே யான் என்பவர் 1896-இல் புக்கிட் லிந்தாங்கிலும், 1898-இல் எங்கள் அசஹானிலும் ரப்பர் நட்டார்.

நம் தோட்டக் கதையைப் பெரும்பாலும் பால்மரத்திலிருந்தே சொல்லத் தொடங்குகிறோம். அதற்கு முன்னரே கோப்பிக் காட்டில் நம்மவர் வியர்வை விழுந்திருக்கிறது. பிள்ளைகளுக்கு அதையும் சொல்ல வேண்டும்.

லைபீரிக்காவில் வேலை அதிகம். பழத்தோல் தடிமன். 1 கிலோ கொட்டை கிடைக்க ஏறக்குறைய 10 கிலோ பழம் வேண்டும். அராபிக்காவுக்கு 5, 6 கிலோ போதும். பாட்டி பழத்தைப் பாயில் கொட்டி, கறுத்துச் சுருங்கும்வரை இரண்டு மூன்று வாரம் காயவைப்பார். மழை இருட்டினால் நாங்கள்தான் ஓடிப்போய்ப் பாயைச் சுருட்ட வேண்டும். காய்ந்ததை உரலில் மெல்ல இடித்து, முறத்தில் புடைப்பார். ஒரு முனை கூராக, கோணலாக இருக்கும் அந்தப் பெரிய கொட்டைகள் முறத்தின் ஓரத்துக்கு வந்து சேரும்.

பிறகு விறகடுப்பில் இரும்புச்சட்டி. கொட்டை ‘பட் பட்’டென்று வெடிக்கும்போது பாட்டி பேச்சை நிறுத்திவிடுவார். நிறம் ஏறியதும் சுளகில் கொட்டி விசிறுவார். கடைக் கோப்பிக்கு வறுக்கும்போதே சீனியும் மார்ஜரினும் சேர்ப்பது வழக்கம். அதனால்தான் கோப்பி கறுத்து, மினுமினுத்து, கெட்டியாக இறங்குகிறது. டின் பாலுக்கும் ஈடு கொடுக்கிறது. அந்த ருசியோடுதான் நாமெல்லாம் வளர்ந்தோம். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பாட்டி தன் கோப்பிக்கு எதையும் சேர்த்ததில்லை. “சீனி போட்டு வறுத்தா பலாச்சுளை வாசம் போயிடும்மா” என்பார்.

உண்மைதான். லைபீரிக்காவின் அடையாளமே அந்த வாசம்தான். துணிவடியில் வெந்நீர் ஊற்றியதும் பழுத்த பலாவின் மணம் எழும்பும். நாக்கில் முதலில் கனமான கசப்பு, பின்னால் மரப்பட்டையின் நெடி, கடைசியில் ஓர் இனிப்பு.

லயம் இப்போது இல்லை. அந்த இடத்தில் செம்பனை நிற்கிறது. நாங்கள் ஜாசினுக்குக் குடிபெயர்ந்தபோது, மரத்தடியில் முளைத்திருந்த இரண்டு கன்றுகளைப் பால் டின்னில் எடுத்து வந்தேன். ஒன்று பிழைத்தது. இன்று அது வேலியைத் தாண்டி நிற்கிறது. பூக்கும் காலத்தில் மல்லிகை போன்ற மணம் பக்கத்து வீடுவரை போகும்.

அடுத்த முறை கோப்பித்தூள் வாங்கும்போது, சீனி, மார்ஜரின் சேர்க்காமல் வறுத்த லைபீரிக்கா இருக்கிறதா என்று கேளுங்கள். முதல் வாயைப் பால் ஊற்றாமல் குடியுங்கள். பாட்டி சொன்ன வாசம் அதில் இருக்கும்.