காலையில் ஓடை, பிற்பகலில் காட்டாறு!

இமாசலப் பிரதேசத்தில் ஸ்பிதி என்று ஒரு பள்ளத்தாக்கு. மணாலியிலிருந்து அங்குள்ள காஸாவுக்குச் சுமார் 200 கிலோ மீட்டர். "இவ்வளவுதானே! நாலு மணி நேரத்தில் போய்விடலாம்" என்று நினைப்பவர் ஜீப்பில் ஏறாமல் இருப்பதே நல்லது. ஒரு பகல் முழுவதும் வேண்டும்.

2020-ல் திறந்த அடல் சுரங்கப்பாதை, ரோதங் கணவாயில் ஏறும் சிரமத்தைத் தீர்த்துவிட்டது. கஷ்டம் கிராம்பூவில் தொடங்குகிறது. அங்கிருந்து பல இடங்களில் ரோடு என்பது வெறும் உருண்டைக் கற்கள்தான். குறுக்கே ஓடைகள். காலையில் கணுக்கால் அளவு ஓடும் தண்ணீர், வெயில் ஏறிப் பனி உருகியதும் வண்டியையே புரட்டப் பார்க்கும். ஆகவே எந்த ஓடையை எத்தனை மணிக்குத் தாண்டுவது என்பதுதான் திட்டத்தின் உயிர்நாடி. விடியுமுன் கிளம்ப வேண்டும். நான்கு சக்கரங்களுக்கும் விசை கொடுத்து, தாழ்ந்த கியரைப் போட்ட பிறகே தண்ணீரில் இறங்க வேண்டும். நடு ஓடையில் கியர் மாற்றினால் தீர்ந்தது!

குன்சம் கணவாய் 4,500 மீட்டருக்கும் மேல். காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் பாதிக்குச் சற்றே அதிகம். எஞ்சின் முனகும், ஆளுக்குத் தலை வலிக்கும். வலி முற்றினால் கீழே இறங்குவதுதான் மருந்து.

2023 ஜூலையில் பக்கத்துச் சந்திரதால் ஏரிக்குப் போனவர்களில் இருநூறு பேருக்கு மேல் பனியில் சிக்கிக்கொண்டார்கள். பனியை அகற்றி வழி செய்துதான் மீட்டார்கள். ஜூலையில்!

மணாலியிலேயே டாங்கியை நிரப்பி, இரண்டு ஸ்டெப்னி, இழுவைக் கயிறு, மூன்று நாள் உணவு எடுத்துக்கொள்ளலாம். ஊர் திரும்பும் ரயிலுக்கு மட்டும் அவசரப்பட்டு டிக்கெட் வாங்கிவிடக் கூடாது.